கூண்டில் ஏறாத சாட்சி: குற்றவியல் நீதியில் செயற்கை நுண்ணறிவு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

உங்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தமிழ்மொழி விழா விவாதத்துக்குத் தயாராகும்போது மூன்று கேள்விகளை எழுப்பியதாகவும், அவற்றுக்குக் குற்றவியல் வழக்குகளை நடத்தும் ஒருவரின் பதில் வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். சிங்கப்பூரில் இயந்திரம் தீர்ப்பு வழங்கும் காலம் வருமா; இனமும் மொழியும் பார்க்காத இயந்திரம் மனித நீதிபதியைவிட நடுநிலையாக இருக்காதா; இயந்திரம் சொல்வதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு செய்ய முடியுமா. இவைதாம் அந்தக் கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். மாணவர்கள் கேட்காத நான்காவது ஒன்றும் இருக்கிறது. தமிழ் பேசுபவர்களாகிய நமக்கு அதுவே மிக நெருக்கமானது என்று நான் நினைப்பதால், அதற்குத்தான் இந்தப் பதிலில் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இன்று சிங்கப்பூரில் எந்த இயந்திரமும் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிப்பதுமில்லை, தண்டனை விதிப்பதுமில்லை. பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சேர்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறையை இங்கே நாடாளுமன்றம் 1969 ஆம் ஆண்டில் முற்றாக ஒழித்தது. அன்று முதல் உண்மை எது என்று முடிவு செய்வதும், சட்டத்தைப் பொருத்திப் பார்ப்பதும், தண்டனையை நிர்ணயிப்பதும் நீதிபதியின் பொறுப்பாகவே இருந்து வருகின்றன. இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது, ஜூரிக்கும் நீதிபதிக்கும் இடையே உள்ள ஒரு வேறுபாடு. ஜூரி உறுப்பினர்கள் தங்கள் முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நீதிபதியோ எந்தச் சாட்சியை நம்பினார், யாரை நம்பவில்லை, ஏன் நம்பவில்லை என்று எழுத்தில் விளக்க வேண்டியவர். அந்த விளக்கத்தில் பிழை இருந்தால் அதைச் சுட்டிக்காட்டித்தான் மேல்முறையீடு செய்கிறோம். காரணம் எழுதப்படாத முடிவை மேல்முறையீட்டில் எதிர்க்க வழக்கறிஞருக்குப் பிடிமானமே கிடைக்காது. குற்றவாளியாக இருக்க வாய்ப்பு ‘72 விழுக்காடு’ என்று ஒரு கணினி நிரல் எண்ணாகக் கொடுக்கும் விடைக்கும் இதே நிலைதான்.

நம் நீதிமன்றங்கள் இந்தத் தொழில்நுட்பத்தைக் கண்டு ஒதுங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டதற்கேற்ப உரையைத் தானே எழுதித் தரும் ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நீதிமன்றத்துக்கு வருபவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்பது குறித்து உச்ச நீதிமன்றப் பதிவாளர் வெளியிட்ட சுற்றறிக்கை 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அது பயன்பாட்டைத் தடை செய்யவில்லை; கருவியைப் பயன்படுத்தியதாக முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஆனால் தாக்கல் செய்யும் ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் தாக்கல் செய்தவரே முழுப் பொறுப்பு என்கிறது. இந்தக் கருவிகளைக் கொண்டு சாட்சியத்தை உருவாக்கவோ, இருக்கும் சாட்சியத்தை வலுவூட்டவோ நீர்த்துப் போகச் செய்யவோ கூடாது என்கிறது. வழக்கறிஞருக்கும், வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடுபவருக்கும் இது பொருந்தும். வழக்குரைஞர்கள் வைக்காத சிறு உரிமையியல் வழக்குகளைக் கேட்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றங்களில், ஆவணங்களை மொழிபெயர்க்கவும் சுருக்கித் தரவும் இத்தகைய கருவியைப் பயன்படுத்தும் திட்டத்தை நம் நீதிமன்றங்கள் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கின. குற்ற வழக்குகளை விட்டுவிட்டுப் பணத்தகராறுகளில் தொடங்கியதை நான் பொறுப்பான முடிவாகவே கருதுகிறேன்.

அந்தச் சுற்றறிக்கைக்குத் தேவை இருந்தது. நியூயார்க்கில் 2023 ஆம் ஆண்டில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய முன்தீர்ப்புகளை உண்மையென்று நம்பித் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 அமெரிக்க டாலர் அபராதம் விதித்தது. அது நமக்கு வராது என்று நினைத்தவர்கள் உண்டு. 2025 ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலேயே ஓர் உரிமையியல் வழக்கில், இல்லாத தீர்ப்பு ஒன்றை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர் எதிர்த்தரப்புக்கு 800 வெள்ளியைச் சொந்தப் பணத்திலிருந்து செலுத்தும்படி உத்தரவிடப்பட்டது. தொகை சிறியதுதான். ஆனால் பணத்தகராறில் நடந்தது ஒரு பிணை மனுவிலோ தண்டனைக் குறைப்பு மனுவிலோ நடந்திருந்தால், விலை கொடுப்பவர் வழக்கறிஞராக இருக்க மாட்டார்.

இனி மாணவர்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். நீதிபதியின் இருக்கையில் இயந்திரம் அமருமா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு குற்ற வழக்கின் போக்கு பெரும்பாலும் அந்த இருக்கைக்கு வெகு முன்னாலேயே, விசாரணை அறையில், வாக்குமூலம் எழுதப்படும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்மானமாகிவிடுகிறது. அந்த அறையில் தமிழ் பேசுபவர் தமிழில் சொல்கிறார். தாளில் ஆங்கிலம் ஏறுகிறது. நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம், வாக்குமூலத்தை அதைக் கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், ஆங்கிலம் தெரியாதவருக்கு அவருக்குத் தெரிந்த மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், அவர் கையொப்பமிட வேண்டும் என்கிறது. இதைச் செய்யும் மொழிபெயர்ப்பாளர்கள் இன்று மனிதர்கள். பேச்சைத் தானாக எழுத்தாக்கி, எழுத்தைத் தானாக ஆங்கிலமாக்கும் கருவிகள் கைப்பேசியிலேயே இருக்கும் காலத்தில், அந்த வேலையின் ஒரு பகுதியாவது இயந்திரத்திடம் போகும் என்று எதிர்பார்ப்பது மிகையல்ல. போகும்போது என்ன தொலையும் என்பதைத் தமிழாசிரியராகிய நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

கட்டுமான ஊழியர் ஒருவர், தங்குவிடுதியில் நடந்த கைகலப்பு பற்றிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘அவன்தான் பாட்டிலால அடிச்சானாம்.’ கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ‘ஆம்’, தாம் இதைப் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறது. செவிவழிச் செய்தி எது, கண்ணால் கண்டது எது என்று பிரிப்பது சாட்சியச் சட்டத்தின் அடிப்படை வேலைகளுள் ஒன்று. தமிழ் அந்த வேலையை ஒரே அசையில் முடித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு இணையான விகுதி இல்லை. மொழிபெயர்ப்புக் கருவிகள் பல வேளைகளில் அந்த ‘ஆம்’ ஐ விட்டுவிட்டு, அவன் பாட்டிலால் அடித்தான் என்று நேர்க்கூற்றாக்கி விடுகின்றன. பல மாதங்கள் கழித்து அந்த ஊழியர் சாட்சிக் கூண்டில் ஏறி, ‘நான் பார்க்கவில்லை’ என்று உண்மையைச் சொல்வார். உடனே அவருடைய பழைய வாக்குமூலம் எடுத்துக் காட்டப்படும். அன்று பார்த்ததாகச் சொன்னீர்கள், இன்று இல்லை என்கிறீர்கள், எது பொய் என்று கேட்பார்கள். இரண்டு முறையும் உண்மையே பேசியவர், ஓர் அசை தொலைந்ததால் பொய்யராகத் தோற்றமளிப்பார்.

இதைவிடக் கடுமையான ஓர் எடுத்துக்காட்டு ‘தெரியும்’ என்ற சொல். நம் போதைப்பொருள் சட்டத்தின்படி ஒருவரிடம் போதைப்பொருள் இருந்தால், அது என்ன பொருள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றே முதலில் அனுமானிக்கப்படும். தெரியாது என்று நிறுவும் சுமை அவர்மீது விழும். தூய ஹெராயின் 15 கிராமைத் தாண்டினால் கடத்தல் குற்றத்துக்கு மரண தண்டனை உண்டு. அத்தகைய வழக்கில், பையில் என்ன இருந்தது என்று தெரியுமா என அதிகாரி கேட்க, பிடிபட்டவர் ‘தெரியும்’ என்கிறார். அந்த வினைமுற்று காலத்தைத் தெளிவாகச் சொல்வதில்லை. பையைத் திறந்து காட்டிய பிறகு இப்போது தெரிகிறது என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். எடுத்து வரும்போதே தெரிந்திருந்தது என்றும் கொள்ளலாம். ஆங்கிலமோ ஏதாவது ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். நல்ல மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தில் நிறுத்தி, ‘எப்போது தெரியும் என்று கேட்டுச் சொல்லுங்கள்’ என்று அதிகாரியிடம் சொல்வார். அவ்வாறு நிறுத்தியவர்களை நான் என் தொழில் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன், அவர்கள்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. கருவி நிறுத்தாது, மிக இயல்பாக ஒலிக்கும் வாக்கியம் எதுவோ அதைக் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

இன்னும் பலவற்றைச் சொல்லலாம். அதிகாரி பேசும்போது நம்மவர்கள் ‘ம்… சரி சார்… ஆமா சார்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான மரியாதை அது. ஒலியை எழுத்தாக்கும் கருவி அதை ஒப்புதல் என்று பதிவு செய்தால், வரிக்கு வரி குற்றத்தை ஒப்புக்கொண்டவராக அவர் காட்சியளிப்பார். ‘அண்ணன் கொடுத்தார்’ என்பதில் வரும் அண்ணன் உடன்பிறந்தவரா, பக்கத்து அறைக்காரரா, கும்பலின் தலைவரா என்பது சூழலைப் பொறுத்தது. அப்பா மகனிடம் ‘கொன்னுடுவேன்’ என்று சொல்வதும், கடன் கொடுத்தவர் வாட்ஸ்அப்பில் அதே சொல்லை அனுப்புவதும் ஒன்றல்ல. லாவ் பா சாட் உணவங்காடியின் பெயரில் உள்ள ‘சாட்’ டைச் சனிக்கிழமை என்று எடுத்துக்கொண்டு, தமிழில் ‘சனி’ என்று பலகை வைக்கப்பட்டதை 2014 இல் நாம் எல்லாரும் பார்த்தோம். பலகையை மாற்றிவிடலாம். கையொப்பமிட்ட வாக்குமூலத்தை மாற்றுவது அவ்வளவு எளிதாக இருந்ததை நான் கண்டதில்லை.

மனித மொழிபெயர்ப்பாளர்களும் பிழை செய்கிறார்கள் என்று உங்கள் மாணவர்கள் எதிர்வாதம் வைப்பார்கள், வைக்கவும் வேண்டும். களைப்பிலும் அவசரத்திலும் பிழைகள் நேர்கின்றன. வட்டார வழக்கு புரியாமலும் நேர்கின்றன. காரைக்குடிப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் ஒன்றல்ல. ஆனால் மனித மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றத்துக்கு அழைக்கலாம். சாட்சிக் கூண்டில் ஏற்றி, அன்று அவர் சொன்ன தமிழ்ச்சொல் என்ன, ஏன் இந்தக் காலத்தில் பெயர்த்தீர்கள், அவருக்கு வாசித்துக் காட்டியபோது என்ன சொன்னார் என்று கேட்கலாம். அவர் தடுமாறினால் நீதிபதி அந்தத் தடுமாற்றத்தைப் பார்ப்பார். வாக்குமூலம் பதிவு செய்யும் நடைமுறை அப்பட்டமாக மீறப்பட்டதற்காக வாக்குமூலங்களையே ஏற்க மறுத்த தீர்ப்பை நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 ஆம் ஆண்டில் வழங்கியிருக்கிறது. பதிவு செய்தவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய முடிந்ததால்தான் அத்தகைய மீறல்கள் வெளிவருகின்றன. இயந்திரத்தைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. அதே ஒலிப்பதிவை மறுநாள் கொடுத்தால் அது வேறொரு மொழிபெயர்ப்பைக்கூடத் தரலாம்.

இதற்கு ஒரு தீர்வு ஏற்கெனவே பாதி கையில் இருக்கிறது. 2018 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தங்கள் விசாரணைகளைக் காணொளியில் பதிவு செய்ய வழிவகுத்தன; முதலில் பாலியல் வன்கொடுமை போன்ற குற்றங்களில் அது தொடங்கியது. மூல ஒலி பத்திரமாக இருக்கும்வரை, எந்தக் கருவி மொழிபெயர்த்தாலும் தமிழைத் திரும்பக் கேட்க முடியும். ஒலிப்பதிவு இல்லாத இடத்தில் இயந்திர மொழிபெயர்ப்பை நுழைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் கேள்வி, நடுநிலை பற்றியது. இதில் அமெரிக்காவின் அனுபவம் பாடமாக இருக்கிறது. அங்கே பல மாநிலங்களில், ஒருவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்பதை மதிப்பிட்டு எண் கொடுக்கும் காம்பஸ் என்ற மென்பொருள் பயன்பட்டது. ஃபுளோரிடாவின் ப்ரோவர்ட் மாவட்டத்தில் 7,000க்கும் மேற்பட்டோரின் மதிப்பெண்களை ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஆராய்ந்து 2016 இல் வெளியிட்டது. அடுத்த ஈராண்டில் எந்தக் குற்றமும் செய்யாதவர்களை எடுத்துக்கொண்டால், அவர்களுள் கறுப்பினத்தவரில் 44.9 விழுக்காட்டினர் ஆபத்து மிகுந்தவர்கள் என்று தவறாகக் குறிக்கப்பட்டிருந்தனர், வெள்ளையரில் 23.5 விழுக்காட்டினர் மட்டுமே அவ்வாறு குறிக்கப்பட்டிருந்தனர். மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் மறுத்தது: ஒரே மதிப்பெண் பெற்றவர்களுள் கறுப்பரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் மீண்டும் குற்றம் செய்கிறார்கள், எனவே மென்பொருள் நடுநிலையானது என்றது. இரண்டு தரப்பின் கணக்கும் சரி. இரண்டு குழுக்களில் மீண்டும் கைதாகும் விகிதம் வேறுபட்டிருக்கும்போது, இவ்விரு வகை நியாயத்தையும் ஒரே கருவியில் சேர்த்து அடைய முடியாது என்று ஆய்வாளர்கள் கணித வழியில் நிறுவினார்கள். எந்த நியாயத்தை விட்டுக்கொடுப்பது என்பதை ஒருவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்தத் தேர்வை மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் யாரையும் கேட்காமல் செய்துவிடுகிறார் என்பதுதான் என் கவலை. அதே 2016 இல் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம், அந்த மதிப்பெண்ணே தண்டனையைத் தீர்மானிக்கும் காரணமாக இருக்கக்கூடாது என்ற எச்சரிக்கையுடன் அதைப் பார்க்க நீதிபதிகளை அனுமதித்தது. அந்த எண் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பது வணிக இரகசியம் என்று மறைக்கப்பட்டிருந்த நிலையிலேயே அது அனுமதிக்கப்பட்டது.

இதை அப்படியே சிங்கப்பூருக்குப் பொருத்துவதும் சரியாகாது. அமெரிக்க நகரங்களில் முகவரியைப் பார்த்தே இனத்தை ஊகிக்கலாம். அதனால் இனம் என்ற கேள்வியை நீக்கினாலும் அஞ்சல் குறியீட்டின் வழியே அது திரும்பி வந்துவிடும். இங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் எந்த இனத்தவரும் ஓரிடத்தில் வரம்புக்கு மேல் சேராமல் பார்க்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 முதல் நடப்பில் இருப்பதால், ஈசூன் என்றோ தெம்பனிஸ் என்றோ சொன்னால் இனம் தெரிந்துவிடாது. அதனால் நாம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் ஒப்பவில்லை. முகவரி ஊழியர் தங்குவிடுதி என்று இருந்தால் அவர் எந்த நாட்டவர், என்ன சம்பளம் வாங்குபவர் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஓரறை வாடகை வீடு என்றால் குடும்ப வருமானம் தெரியும். பெயரின் நடுவில் ‘த/பெ’ வந்தால் வேறெதுவும் தேவையில்லை. ஒரு நிரல் இவற்றை இனமென்றோ வர்க்கமென்றோ அறியாது. கடந்த காலத்தில் எங்கே அதிகம் சோதனை நடந்ததோ அங்கே அதிகம் பேர் பிடிபட்டார்கள் என்ற பதிவிலிருந்து அது பாடம் கற்கும். ஐரோப்பிய ஒன்றியம் தன் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில், ஒருவரின் குணவியல்புகளையும் பின்னணியையும் மட்டும் வைத்து அவர் குற்றம் செய்வார் என்று கணிக்கும் கருவிகளைத் தடை செய்திருக்கிறது. அத்தடை 2025 பிப்ரவரி 2 முதல் நடப்பில் உள்ளது. நாமும் அந்தக் கோட்டைக் கிழித்துக்கொள்வது நல்லது.

அதே நேரத்தில், தண்டனைகளில் சீர்மை வேண்டும் என்ற ஏக்கம் தவறானதன்று. ஒரே மாதிரிக் குற்றத்துக்கு ஒரு நீதிபதி ஆறு மாதமும் இன்னொருவர் பதினான்கு மாதமும் கொடுத்தால், அதைத் தாய்மார்களிடம் விளக்குவது என் வேலையிலேயே மிகக் கடினமானது. அதனால் எண்களை நம் நீதிமன்றங்கள் ஏற்கெனவே பயன்படுத்துகின்றன. பத்து கிராமுக்குக் குறைவான தூய ஹெராயின் கடத்தலுக்கு எடைவாரியான தொடக்கத் தண்டனையை உயர் நீதிமன்றம் 2015 இல் வகுத்தது. ஒன்பது கிராமைத் தாண்டினால் அது 13 முதல் 15 ஆண்டு. தொடக்கத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொள்பவருக்கு 30 விழுக்காடு வரை தண்டனையைக் குறைக்கலாம் என்ற வழிகாட்டி 2023 அக்டோபர் 1 முதல் இருக்கிறது. பழைய தண்டனைகளைத் தேடிப் பார்க்கும் தரவுத்தளத்தை நானும் பயன்படுத்துகிறேன். செயற்கை நுண்ணறிவு அந்தத் தேடலை எளிதாக்கினால் மனமார வரவேற்பேன். ஆனால் இந்த எண்கள் எல்லாம் வெளிப்படையானவை. யார் வகுத்தார்கள், ஏன் வகுத்தார்கள் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. இந்த வழக்குக்கு அது பொருந்தாது என்று வாதாடலாம். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மறுவாழ்வே முதன்மை நோக்கம் என்று நம் சட்டம் கொள்கிறது. நன்னடத்தைக் கண்காணிப்பா, சீர்திருத்தப் பயிற்சி நிலையமா என்ற முடிவு, அந்தப் பையனின் வீட்டில் அவனைக் கண்டிக்கவும் கவனிக்கவும் யார் இருக்கிறார்கள் என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. நன்னடத்தை அதிகாரி வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதும் அறிக்கையில் அது இருக்கும். பாட்டி ஒருவர் இரவு வேலையை விட்டுவிட்டுப் பேரனுக்காகப் பகல் வேலைக்கு மாறினார் என்ற செய்தியை எந்தப் பழைய தரவிலிருந்து இயந்திரம் எடுக்கும்?

மூன்றாம் கேள்விக்கு வருவோம். இயந்திரம் சொல்வதை மட்டும் கொண்டு ஒருவரைத் தண்டிக்க முடியுமா? பிரிட்டனில் அது நடந்தது. அஞ்சல் நிலையங்களை நடத்தியவர்களின் கணக்கில் பணம் குறைவதாக ஹொரைசன் என்ற கணினி முறை காட்டியது. 1999 முதல் 2015 வரை அதை நம்பி 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். வீட்டை இழந்தவர்களும் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பிழை கணினியில் இருந்தது. 2024 ஆம் ஆண்டில் நாடாளுமன்றமே சட்டமியற்றி அந்தத் தண்டனைகளை நீக்க வேண்டியதாயிற்று. அது செயற்கை நுண்ணறிவுகூட இல்லை, சாதாரணக் கணக்கு மென்பொருள்தான். கணினி சரியாக இயங்கியது என்று சட்டம் முதலில் அனுமானித்துக்கொண்டதும், அதை மறுப்பதற்கான ஆவணங்கள் எதிர்த்தரப்பின் கையில் இருந்ததும் அந்தக் கொடுமைக்கு வழிவிட்டன.

நம் சாட்சியச் சட்டத்தின் 116அ பிரிவிலும் இதற்கு நெருக்கமான அனுமானம் இருக்கிறது. வழக்கமாகச் சரியாக இயங்கும் ஒரு சாதனம் அந்தத் தடவையும் சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் கொள்ளும். ஐயம் எழுப்பும் சான்றை எதிர்த்தரப்பு காட்டினால்தான் அது மாறும். பணம் எடுக்கும் இயந்திரத்துக்கும் தொலைபேசி அழைப்புப் பதிவுக்கும் இது நியாயமானது. இல்லாவிட்டால் ஒவ்வொரு வழக்கிலும் பொறியாளரை அழைக்க வேண்டியிருக்கும். முகத்தை அடையாளம் காணும் நிரலுக்கு இதே அனுமானத்தைக் கொடுக்கலாமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். அந்த நிரல் நடந்ததைப் பதிவு செய்வதில்லை; இவராக இருக்கலாம் என்று ஊகிக்கிறது. அமெரிக்கத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் 2019 இல் 189 நிரல்களைச் சோதித்தபோது, பல நிரல்கள் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களை வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு அதிகமாகத் தவறாகப் பொருத்தின. ஆசியாவில் உருவான சில நிரல்களில் அந்த வேறுபாடு குறைந்திருந்தது. ஆகவே எந்த முகங்களைப் பார்த்துக் கற்றது என்பது முக்கியம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல்துறையிடம் 2020 ஜனவரியில், கைக்கடிகாரத் திருட்டுக்காகக் கறுப்பின ஆடவர் ஒருவர், தவறாகப் பொருத்தப்பட்ட ஒரு படத்தால் தம் குடும்பத்தார் முன்னிலையில் கைதானார். அந்த வழக்கு 2024 இல் சமரசத்தில் முடிந்தபோது, முகப் பொருத்தத்தை மட்டும் வைத்துக் கைது செய்யக்கூடாது என்ற விதியை அந்நகரக் காவல்துறை ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டில் 2012 முதல் காவல்துறை கேமராக்கள் புளோக்குகளிலும் பொது இடங்களிலும் பொருத்தப்பட்டு வருகின்றன. அவற்றால் தீர்ந்த வழக்குகள் ஏராளம். தீர்ந்த வழக்குகளில் என் கட்சிக்காரர்களைக் குற்றமற்றவர்கள் என்று காட்டியவையும் உண்டு. மோசடிக் குற்றங்களைப் பாருங்கள்: 2024 இல் மட்டும் 51,501 மோசடிகள், குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி இழப்பு. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் சந்தேகத்துக்குரிய இணையத்தளங்களையும் வங்கிக் கணக்குகளையும் மனிதக் கண்களால் மட்டும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. துப்பு துலக்க இயந்திரம் உதவட்டும். துப்பு என்பது வேறு, சாட்சியம் என்பது வேறு என்ற எல்லையைத்தான் காக்க வேண்டும் என்கிறேன். தரவு எதற்காகத் திரட்டப்பட்டதோ அதற்கு அப்பால் செல்லும்போது என்ன ஆகும் என்பதை டிரேஸ்டுகெதர் செயலியில் கண்டோம். கொவிட் தொடர்புத் தடமறிதலுக்கான அந்தத் தரவைக் குற்ற விசாரணைக்கும் காவல்துறை பெற முடியும் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தபோது மக்கள் வருந்தினார்கள். அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் இயற்றி வரம்பு கட்டப்பட்டது. கேள்வி எழுந்ததால் விதி பிறந்தது.

கைப்பேசிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவரின் கைப்பேசியில் நாற்பதாயிரம் குறுஞ்செய்திகள் இருந்தால், அவற்றில் வழக்குக்குரிய அறுபதை நிரல் பொறுக்கித் தரும். அரசுத் தரப்பு தன் வழக்கைப் பலவீனப்படுத்தக்கூடிய, பயன்படுத்தாத ஆவணங்களையும் எதிர்த்தரப்பிடம் வெளிப்படுத்த வேண்டும் என்று நான் மேலே சொன்ன அதே 2011 ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறுகிறது. தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்து, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பும் நம் பிள்ளைகளின் செய்திகளில், ‘வேணாம்டா, விட்டுடு’ என்ற ஒரு வரி அந்த அறுபதில் சேராமல் போனால், அது இருப்பதே யாருக்கும் தெரியாது. மனித அதிகாரி பார்த்துவிட்டு மறைத்தால் அது கடமை மீறல். யாருமே பார்க்காமல் விடுபட்டதற்கு யார் பொறுப்பு என்று சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை. எந்தச் சொற்களைக் கொண்டு தேடினார்கள், எந்த மொழிகளைக் கருவி அறியும் என்ற விவரம் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் கேட்காமலேயே கிடைக்க வேண்டும்.

ஆழ்போலிப் படங்களைப் பற்றிச் சுருக்கமாக: ஒருவரின் முகத்தை நிர்வாணப் படத்தில் ஒட்டிப் பரப்புவது, 2020 தொடக்கத்தில் நடப்புக்கு வந்த தண்டனைச் சட்டத் திருத்தங்களின்படி இங்கே குற்றம். செயலியைத்தான் பயன்படுத்தினேன், விளையாட்டுக்குச் செய்தேன் என்பது அதற்கு மறுப்பாகாது. இதை மாணவர்களிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுங்கள்; பதினாறு வயதில் இந்தக் குற்றத்துக்காக விசாரணை அறையில் உட்காரும் பிள்ளையின் பெற்றோரை நீங்கள் பார்க்க நேரக்கூடாது.

ஒரு நடைமுறை ஆலோசனையும் உண்டு. குற்றச்சாட்டுத் தாளைப் படம் எடுத்துச் சாட்ஜிபிடியில் போட்டு, என்ன தண்டனை கிடைக்கும் என்று கேட்டுவிட்டு என்னிடம் வரும் குடும்பங்கள் கூடிவருகின்றன. அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பதில் பெரும்பாலும் வேறு நாட்டுச் சட்டத்தின் வாடையோடு இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் பெயரும் வழக்கு விவரமும் வெளியார் கணினிக்குப் போய்விடுகின்றன. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட அரசாங்கத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் இருக்கிறது. வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள் அங்கே விண்ணப்பிக்கலாம். விசாரணைக்கு அழைக்கப்படும் எவரும், தமிழில் பேசுவதே வசதி என்றால் தயங்காமல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்க வேண்டும். ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்பதற்காக அதிலேயே சமாளிப்பதுதான் நான் காணும் மிகப் பெரிய தவறு. வாக்குமூலத்தை வாசித்துக் காட்டும்போது, ஒரு சொல் மாறியிருந்தாலும் கையொப்பமிடும் முன்பே திருத்தச் சொல்ல வேண்டும்.

விவாதத்துக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். ‘அடிச்சானாம்’, ‘தெரியும்’, ‘அண்ணன் கொடுத்தார்’, ‘சரி சார்’, ‘வேணாம்டா, விட்டுடு’ ஆகியவை வரும் ஐந்து வாக்கியங்களை மாணவர்கள் தாங்கள் பயன்படுத்தும் மொழிபெயர்ப்புக் கருவிகளில் போட்டு, வரும் ஆங்கிலத்தை எழுதி வைக்கட்டும். பிறகு அந்த ஆங்கிலத்தை மட்டும் வேறொரு குழுவிடம் கொடுத்து, சொன்னவர் என்ன பார்த்தார், எப்போது அறிந்தார் என்று முடிவு செய்யச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எனக்குப் பெரும்பாலும் வழக்கு இருப்பதில்லை. அழைத்தால் பள்ளிக்கு வருகிறேன். அந்தத் தாள்களை மேசைமேல் வைத்துக்கொண்டு அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.